முப்பத்திரண்டில் பதினாறு

எங்கள் ஆபீஸில் சர்வருக்குத் தனி அறை, தனி ஏசி, தனிப் பூட்டு உண்டு. அந்தச் சர்வரில் ஓடுகிற புரோகிராமை எழுதிய எனக்கு மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசையும், வேகத்தைக் கூட்டினால் முனகுகிற ஒரு ஃபேனும். இதில் எனக்கு மனத்தாங்கல் கிடையாது. சர்வர் பெட்டிக்குச் சூடேறினால் நின்றுவிடும், இந்த மைதிலிக்குச் சூடேறினால் துப்பட்டாவால் துடைத்துக்கொள்வாள் என்று நியாயமாகத்தான் யோசித்திருக்கிறார்கள். என் ஆத்திரமெல்லாம் அந்த அறைச் சாவி யார் இடுப்பில் தொங்கியது என்பதில்தான்.

கோகுல்ராஜ் இடுப்பில் தொங்கியது. ஓனர் வெள்ளியங்கிரியின் மருமகன். விசிட்டிங் கார்டில் 'ஐடி ஹெட்' என்று பொன்னிற எழுத்தில் அடித்து வைத்திருந்தார். கோயமுத்தூரில் ஏதோ நிர்வாகம் படித்தவர். நிர்வாகம் என்றால் என்ன என்று அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். தனக்குத் தெரியாததை வேறு யாரும் தொட்டுவிடாமல் காவல் காப்பது.

கம்பெனி திருச்செங்கோட்டில், சங்ககிரி ரோட்டில். போர்வெல் போடுகிற ரிக் வண்டிகள். எங்கள் ஊரில் கல்லைத் தூக்கிப் போட்டால் ரிக் ஓனர் தலையில் விழும், அவர் நம் ஓனருக்குச் சம்பந்தியாகவும் இருப்பார். வண்டிகள் மட்டும் ஊரில் நிற்காது. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், தெலங்கானா என்று எங்கெங்கோ தரையைத் துளைத்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மேனேஜர். அவர் போனில் ஊர்ப் பெயரைப் போட்டால், அந்தப் பக்கம் இதுவரை போட்ட குழிகளையெல்லாம் அலசி, எத்தனை அடியில் பாறை வரும், எத்தனை அடிக்குக் குழாய் இறக்க வேண்டியிருக்கும், தண்ணீர் சுமாராக எங்கே தட்டும் என்று என் புரோகிராம் சொல்லும். நிலத்துக்காரர் பக்கத்தில் நின்று பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே பதில் வர வேண்டும். வராவிட்டால் அவர் அடுத்த கம்பெனி வண்டியைக் கூப்பிட்டுவிடுவார்.

பழைய கம்ப்யூட்டரில் பதில் வருவதற்குள் மேனேஜர் ஒரு டீ குடித்துவிடலாம். வேகம் போதாது என்று புதுச் சர்வர் வாங்கினார்கள். சேலம் சூரமங்கலத்திலிருந்து சரவணமுத்து என்பவர் கொண்டுவந்து இறக்கினார். புது லாரிக்குப் போடுகிற பூஜையை அப்படியே போட்டார்கள். பெட்டி நிற்கிற இரும்பு அலமாரிக்குக் குட்டிச் சக்கரங்கள் இருந்தது ஓனருக்கு வசதியாகப் போயிற்று. நான்கு எலுமிச்சம்பழம் வைத்து அலமாரியைத் தள்ளினார்கள். மூன்று நசுங்கிற்று, ஒன்று ஏசிக்குப் பின்னால் உருண்டு போய்விட்டது. பெட்டியின் முகத்தில் சந்தனம், குங்குமம். காற்று போகிற ஓட்டைகளை அடைக்காதீர்கள் என்று சரவணமுத்து கெஞ்சியதால் மாலை மட்டும் பக்கவாட்டில் தொங்கியது.

எனக்குப் பெட்டியில் நுழைய அனுமதி கேட்டேன். "நீங்க புரோகிராம் எழுதுங்க, பொட்டி என்ற பொறுப்பு" என்றார் கோகுல்ராஜ். சரி, உள்ளே எத்தனை கோர் என்றாவது சொல்லுங்கள் என்றேன். கோர் என்பது பெட்டிக்குள் கணக்குப் போடுகிற ஆள் மாதிரி. எத்தனை ஆள் என்று தெரிந்தால்தானே வேலையைப் பங்கு பிரிக்க முடியும்? அவர் பெட்டியோடு வந்த அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பினார். இரண்டு பிராசஸர், ஒவ்வொன்றிலும் எட்டுக் கோர், ஒரு கோர் இரண்டு ஆள் வேலை செய்யும். ஆக முப்பத்திரண்டு ஆள் கணக்கு. 'முப்பத்திரண்டாகப் பிரிக்கவும்' என்று கீழே உத்தரவு வேறு. பிரித்தேன்.

புதுப் பெட்டியில் புரோகிராம் படுத்துவிட்டது.

பழையதைவிட மெதுவாக ஓடியது. காலையில் எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் கேட்கும்போது திரையில் ஒரு வட்டம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். மத்தியப் பிரதேசத்து சைட் மேனேஜர் கருப்பண்ணன் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் வாய்ஸ் போட்டார். "ஏம்மிணி, இங்க நெலத்துக்காரன் என்ற மூஞ்சியப் பாக்கறான், நான் போன் மூஞ்சியப் பாக்கறேன். புரோகிராமு எழுதுனீங்களா, ராட்டினம் செஞ்சீங்களா?" அதற்கு முப்பது பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள்.

பெட்டியில் ஏதோ கோளாறு என்று நான் ஓனரிடம் சொன்னேன். அவர் கோகுல்ராஜைப் பார்த்தார். கோகுல்ராஜ் உதட்டைப் பிதுக்கினார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்" என்றார் ஓனர். நன்றாகச் சொன்னார். கூடத்தைப் பார்க்கவே விடாமல் கோணலா நேரா என்று நான் எப்படிச் சொல்வது?

அதற்கப்புறம்தான் குரூப்பில் ஓனருடைய வாய்ஸ் வந்தது. பள்ளிபாளையத்தில் என் வீட்டு அடுப்படியில், தோசைக்கல்லுக்கு முன்னால் நின்று கேட்டேன். "எல்லா மேனேஜருக்கும் சொல்லிக்கறதுங்க. புரோகிராம் பண்ற அம்மிணிக்கு வேல தெரியலீங்க. வேற ஆளு பாத்துட்டிருக்கறமுங்க. கொஞ்சம் பொறுத்துக்கோங்க." குரலில் அத்தனை மரியாதை. மரியாதையாகவே கழுத்தை அறுக்கிற கலை எங்கள் பக்கத்துக்காரர்களுக்குக் கைவந்தது. தோசை கருகியது. என் வீட்டுக்காரர் தமிழரசு, தறிக்கூடத்தில் சூப்பர்வைசர், "வேற எடம் பாத்துக்கலாம் வுடு" என்றார். எந்த இடம்? நான் எழுதத் தெரிந்ததெல்லாம் ரிக் புரோகிராம். ரிக் ஓனர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் ஒறம்பரை, சொந்தக்காரர்கள். ஒரு ஆபீஸில் வேலை தெரியாதவள் என்று பெயர் எடுத்தால் அடுத்த கல்யாணப் பந்தியில் அது பாயசத்துக்கு முன்னால் பரிமாறப்பட்டுவிடும். எனக்குப் பயமாக இருந்தது. அதைவிட அசிங்கமாக இருந்தது.

மறுநாள் காலை நேராக ஓனர் அறைக்குப் போனேன். கோகுல்ராஜும் அங்கேதான் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, பொட்டிக்குள்ள எத்தன கோரு வேல செய்யுதுன்னு நான் ஒருக்கா எண்ணிப் பாக்கோணுமுங்க. உங்க முன்னாடியே பாக்கறேன்."

"அதுதான் அட்டையில போட்டிருக்குதுல்லொ?" என்றார் கோகுல்ராஜ்.

"அட்டையில போட்டது அட்டையில இருக்குதுங்க. பொட்டியில இருக்குதான்னு பாக்கோணும்."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் வெள்ளியங்கிரி என்னை வெளியே அனுப்பியிருப்பார். எண்ணுவது என்றதும் நிமிர்ந்தார். ஓட்டுநராக ஆரம்பித்து ஓனரானவர். இன்றைக்கும் புது டயர் வந்து இறங்கினால் ரசீதை நம்ப மாட்டார். தானே போய்க் காலால் தட்டித் தட்டி எண்ணுவார்.

"சரி, எண்ணு அம்மிணி. பொட்டி சரியா இருந்துச்சுன்னா, வேல வேண்டாம்னு நீயே எழுதிக் குடுத்துட்டுப் போயிரு. பொட்டியில கோளாறுன்னா உன்ற வேலைக்கு நான் பொறுப்பு. சரியா?"

சரியென்றேன். கோகுல்ராஜ் காபியைப் பாதியில் வைத்தார். அன்றைக்கு அமாவாசை, பெட்டியைத் தொடக் கூடாது என்று ஆரம்பித்தார். காலண்டரைப் பார்த்தோம், அமாவாசை இல்லை. சாவியைக் காணோம் என்றார். இடுப்பிலேயே தொங்கியது.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். ஊதுவத்தி வாசனையும் ஏசிக் குளிரும் கலந்து ஐஸ் வைத்த கோயில் மாதிரி இருந்தது. விசைப்பலகையில் குங்குமம். துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். எத்தனை ஆள் வேலைக்கு இருக்கிறார்கள் என்று பெட்டியை ஓட்டுகிற லினக்ஸைக் கேட்பதற்கு ஒரே சொல்தான், nproc. அடித்தேன். இரண்டே இலக்கத்தில் பதில் வந்தது.

16.

"முப்பத்திரெண்டுக்குப் பதனாறுதானுங்க இருக்குது" என்றேன். எனக்குக் கோபம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது.

இதற்குள் விஷயம் எனக்கு விளங்கிவிட்டது. முப்பத்திரண்டு பேரை வேலைக்கு அனுப்பியிருக்கிறேன், பந்தியில் இலை பதினாறுதான். மீதிப் பதினாறு பேர் பின்னால் நின்று முண்டியடித்தால் உட்கார்ந்தவனும் சாப்பிட முடியாது, நிற்கிறவனும் சாப்பிட முடியாது. மேலே இன்னும் ஒன்றிரண்டு கேட்டுப் பார்க்கலாம் என்று விரலை வைத்தேன். ஓனர் விடவில்லை. அவர் முகம் சிவந்துவிட்டது.

"பாதிப் பொட்டியக் குடுத்துட்டு முழுப் பொட்டின்னு ஏமாத்திப்போட்டானா அந்தச் சேலத்துக்காரன்?"

"மாமா, அப்படி இருக்காதுங்க மாமா" என்றார் கோகுல்ராஜ். அவர் நெற்றியில் வியர்த்திருந்தது, அந்தக் குளிரில்.

"நீ சும்மா இருடா. எட்டு டயருன்னு எழுதி நாலு டயர் மாட்டிக் குடுத்தா வுடுவமா?"

அப்போதே கோகுல்ராஜ் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. மாமனார் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, சரவணமுத்துவை அவருடைய தாத்தா காலத்திலிருந்து விசாரிக்க ஆரம்பித்தார். ஆபீஸ் முழுக்கக் கேட்டது. கேட்டுக்கொண்டு மருமகன் சுவரோரமாக நின்றார், சுவரில் மாட்டிய விநாயகரைவிட அசையாமல்.

மத்தியானத்துக்கு முன்பே சரவணமுத்து வந்துவிட்டார். பாவம், சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கையில் திருகாணிப் பை. "சார், நான் ரெண்டு பிராசஸர் போட்டுத்தான் கொடுத்தேன். என் கையால மாட்டினேன் சார்" என்றார்.

"தொறந்து காட்டு" என்றார் ஓனர்.

திறக்க வேண்டியதில்லை, இன்னும் ஒரே ஒரு கேள்வி அடித்தால் போதும் என்றேன். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? இன்ஜினைப் பார்க்காமல் லாரி வாங்கின பழக்கம் ஓனருக்கு இல்லை. பெட்டியை நிறுத்தச் சொன்னார். நிறுத்தியதும் நாலு மாநிலத்து மேனேஜர்களும் ஒரே நேரத்தில் குரூப்பில் அலற ஆரம்பித்தார்கள். 'மைதிலி அக்கா புரோகிராம் செத்துப்போச்சு' என்று ஒருவர் பூமாலைப் படம் போட்டார்.

சரவணமுத்து மூடியைக் கழற்றினார். பிராசஸர் கண்ணுக்குத் தெரியாது. அதன் தலையில் சூட்டை உறிஞ்சுவதற்கு அலுமினியத் தகடுகள் அடுக்கின ஒரு கட்டி உட்கார்ந்திருக்கும், அதுதான் தெரியும். ஓனர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். ஆள்காட்டி விரலை நீட்டினார்.

"ஒண்ணு. ரெண்டு."

மறுபடியும் எண்ணினார். அப்போதும் இரண்டுதான். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் வேலை போய்விட்டது தெரிந்தது.

"அப்ப பொட்டி சரியாத்தானே இருக்குது அம்மிணி?"

"பொட்டிய மூடச் சொல்லுங்க. ஒரே ஒரு கேள்வி. அப்பறம் நானே எழுதிக் குடுத்துட்டுப் போயிர்றேன்."

மூடினார்கள். பெட்டி இரைந்துகொண்டு எழுந்தது. lscpu என்று அடித்தேன். இது எண்ணிக்கையை மட்டும் சொல்லாது, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யார் என்ன நிலையில் இருக்கிறார்கள் என்று குடும்பக் கதையே சொல்லும். திரை நிறைய வரிகள் ஓடி நின்றன. மொத்தம் 32 என்று முதலில் ஒரு வரி. விழித்திருப்பவை என்று சில எண்கள். அதற்குக் கீழே இன்னொரு வரி, ஆஃப்லைன் என்று தொடங்கி, மீதி அத்தனை எண்களும்.

சரவணமுத்து எட்டிப் பார்த்தார். அவருக்கு உயிர் வந்தது. "சார், ரெண்டாவது பிராசஸர் இருக்குது. நல்லாவும் இருக்குது. யாரோ அதை ஆஃப் பண்ணி வெச்சிருக்காங்க சார். தானா ஆகாது. பெட்டி எழும்பும்போதே ஆஃப் ஆகிற மாதிரி எழுதியே வெச்சிருக்காங்க."

"ஆரு?" என்றார் ஓனர். அவர் என்னைத்தான் பார்த்தார். அதைக்கூட என் தலையில் கட்ட முடியுமா என்று ஒரு கணம் யோசித்தார், சத்தியமாக யோசித்தார். ஆனால் அந்த அறைக்குள் நான் இன்றைக்குத்தான் முதன்முதலாக வந்திருக்கிறேன்.

எல்லோரும் சாவியைப் பார்த்தோம்.

"மாமா, நீங்கதானுங்களே சொன்னீங்க?" என்றார் கோகுல்ராஜ். சாவியைக் கையால் மூடிக்கொண்டார்.

"நான் என்னடா சொன்னேன்?"

"பூஜ அன்னிக்கு. ரெண்டு பிராசஸரு, ரெண்டும் ஒண்ணா ஓடும்னு நான் சொன்னனுங்க. நீங்க, 'நேஷனல் பர்மிட் லாரியில ரெண்டு டிரைவர் போறான், ரெண்டு பேரும் ஒண்ணாவா ஸ்டியரிங் புடிக்கறான்? ஒருத்தன் ஓட்டுனா ஒருத்தன் தூங்கோணும். ரெண்டையும் ஓட்டுனா ரெண்டும் சீக்கரம் பழுதாயிரும்'னு சொன்னீங்க. அதானுங்க, வாராவாரம் வெள்ளிக்கெழம பூஜ முடிஞ்சதும் மாத்தி மாத்தித் தூங்க வெச்சேன்."

ஓனர் பெட்டியைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார்.

"மொதக் கோரு ஒண்ணு மட்டும் எந்த வாரமும் தூங்க மாட்டேங்குதுங்க மாமா" என்று அவரே சேர்த்துக்கொண்டார். "அதுக்கு லீவு குடுத்தா பொட்டி ஒத்துக்க மாட்டேங்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. மூன்று வருஷம் இரவு பகல் பாராமல் எழுதின புரோகிராம். அதை ராட்டினம் என்றார்கள், செத்துப்போச்சு என்று மாலை போட்டார்கள். கடைசியில் பார்த்தால் இரண்டு ஆண்பிள்ளைகள் ஒரு சிலிக்கான் துண்டுக்குத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். எங்கேயோ வெளிநாட்டில், ஒரு கோரையும் சும்மா உட்காரவிடக் கூடாது என்று ராப்பகலாக மண்டையை உடைத்து இதைச் செய்தவர்களுக்குத் தெரிந்தால் திருச்செங்கோடு மலை மேல் ஏறிக் குதித்துவிடுவார்கள். அந்த முதல் கோரின் மேல் மட்டும் எனக்குப் பாசம் வந்தது. அதுவும் என் ஜாதகம் போலிருக்கிறது.

சரவணமுத்து திருகாணிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "சார், ரெண்டும் ஒண்ணா ஓடறதுக்குத்தான் செஞ்சது" என்று மெதுவாகச் சொன்னார். காலையில் தாத்தாவரை திட்டு வாங்கினவர். யாரும் அவரிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. "காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்றார் ஓனர். அதுதான் மன்னிப்பு என்று வைத்துக்கொள்ள வேண்டும். அவர் குடிக்காமல் போனார்.

நான் கோகுல்ராஜைக் கேட்கவில்லை. ஒரு வரி அடித்து எல்லாவற்றையும் எழுப்பினேன். அவருடைய தாலாட்டையும் அழித்தேன். மறுபடி nproc. 32 என்று வந்தது. சிறிது நேரத்தில் குரூப்பில் கருப்பண்ணன் வாய்ஸ்: "அட, பட்டுன்னு வந்துருச்சுங்க. ஆரு என்ன பண்ணுனீங்களோ, நல்லா இருப்பீங்க." அதற்கு மேல் ஒவ்வொரு வண்டியிலிருந்தும் கட்டைவிரல்.

ஓனர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மிக்சர் வந்தது, காபி வந்தது. கோகுல்ராஜ் கதவோரம் நின்றார்.

"வேல உனக்குத்தான் அம்மிணி. நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன்" என்றார்.

"செரிங்க. குரூப்புல எனக்கு வேல தெரியலைன்னு சொன்னீங்களே. அது அப்படி இல்லைன்னு ஒரு வார்த்த போட்டுருங்க. உங்க வாயாலயே."

அவர் மிக்சரில் நிலக்கடலையைத் தேடினார். வெகு நேரம் தேடினார்.

"அதுலதான் ஒரு செரமம் இருக்குது சாமி. பொட்டியில கோளாறுன்னா, என்ன கோளாறும்பானுங்க. மருமவன்னா, அவனுக்கு ஆரு சொன்னதும்பானுங்க. எல்லாம் எங்க ஒறம்பரைங்க வண்டிகளுக்கும் போற ஆளுங்க. நாளைக்கு ஒரு விசேசத்துக்குப் போனா, 'டிரைவர் எந்திரிச்சுட்டானா வெள்ளியங்கிரி?'ன்னு கேப்பானுங்க."

"கேப்பாங்கதானுங்க."

"அதுக்குத்தான் சொல்றேன். நீயே ஒண்ணு போட்டுரு. 'புரோகிராமுல சின்னத் தப்பு இருந்துச்சு, செரி பண்ணிட்டேன்'னு. உனக்கு ஒண்ணும் கொறஞ்சு போவாது. வேல நெலைக்கும். மாடிப்படிக்கு அடியில வேண்டாம், அந்த ஏசி ரூமுலயே மேச போட்டுக்கோ. சாவிய நீயே வெச்சுக்கோ."

கோகுல்ராஜ் அப்போதே சாவியைக் கழற்ற ஆரம்பித்தார். அத்தனை அவசரம்.

நியாயத்தைப் பாருங்கள். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்பார்கள். இங்கே உடைத்தவர்கள் மாமனாரும் மருமகனும், சட்டியைக் கையில் பிடித்து நிற்க வேண்டியவள் சம்பளக்காரி. ஓனர் கெட்டவர் இல்லை. என் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கார் கொடுத்து அனுப்புகிறவர். அதனால்தான் எனக்கு இன்னும் வெறுப்பாக இருந்தது. முப்பத்திரண்டு ஆளையும் எழுப்பச் சம்மதித்தவருக்கு, முப்பது மேனேஜர் முன்னால் ஒரு வாக்கியம் சொல்ல நாக்கு எழும்பவில்லை.

"நான் தப்புப் பண்ணியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டேன்.

"அனுப்பியிருப்பேன்."

"தப்புப் பண்ணுனேன்னு பொய் சொன்னா?"

"வெச்சுக்குவேன்" என்றார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் போனை எடுத்தேன். இருவருக்கும் முகம் மலர்ந்தது. நான் எழுத எழுத ஓனர் காபியை ஆற்றி என் பக்கம் நகர்த்தினார். இப்படி எழுதினேன்: 'புரோகிராமில் தப்பு எதுவும் இல்லை. சர்வரில் இரண்டு பிராசஸர். இரண்டு டிரைவர் ஒரே நேரத்தில் ஓட்டக் கூடாது என்று ஓனர் சொன்னதால், ஐடி ஹெட் ஒன்றை மாற்றி ஒன்றாகத் தூங்க வைத்திருந்தார். இன்று எழுப்பிவிட்டேன். சேலம் சரவணமுத்து மேலும் தப்பில்லை. மைதிலி.' லினக்ஸ் காட்டிய திரையையும் போட்டோவாகச் சேர்த்து அனுப்பினேன். எழுந்தேன்.

ஓனரின் போன் மேசை மேல் டிங் என்றது. அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தபோது நான் கதவைத் தாண்டியிருந்தேன். மாடிப்படிக்கு அடியில் சாப்பாட்டு டப்பாவைப் பைக்குள் போடுவதற்குள் என்னைக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டதாகத் தகவல் வந்தது. கோகுல்ராஜ் அத்தனை வேகமாக ஒரு வேலையை முடித்து நான் பார்த்ததே இல்லை.

வெளியில் வெயில் மண்டையைப் பிளந்தது. பள்ளிபாளையம் பஸ்ஸுக்கு நின்றேன். வேலை போய்விட்டது. தமிழரசுவிடம் சொல்ல வேண்டும். நான் சொன்னதை அழித்திருப்பார்கள், எனக்கு வேலை தெரியவில்லை என்று அவர் சொன்னது மட்டும் அங்கேயே கிடக்கும். அந்த நினைப்பைத்தான் தாங்க முடியவில்லை. வீறாப்புக் காட்டி என்ன சாதித்தேன் என்று அந்த நிமிஷத்தில் எனக்கே தெரியவில்லை.

போன் அடித்தது. கருப்பண்ணன். பின்னால் ரிக் துளைக்கிற சத்தம், அதற்கு மேல் கத்திப் பேசினார்.

"அம்மிணி, அழிச்சுப்போட்டாங்க. நான் அதுக்கு முன்னாடியே படிச்சுட்டேன். நம்மாளுங்க முக்காவாசிப்பேரு படிச்சுட்டாங்க. இங்க பக்கத்துக் காட்டுல ராசிபுரத்துக் கம்பெனி வண்டி ஓடுது, அவனுக்கும் படிச்சுக் காட்டிட்டேன். உழுந்து உழுந்து சிரிக்கறான். உன்ற புரோகிராமு அவிங்க ஓனருக்கு வேணுமான்னு கேக்கறேன்னான். நம்பரு குடுக்கட்டுமா?"

"குடுங்கண்ணா" என்றேன்.

"செரி சாமி. ஒண்ணே ஒண்ணு. நான் படிச்சேன்னு நம்ம ஓனர்கிட்டச் சொல்லிப்போடாத. நான் போன் பண்ணுனதையும் சொல்லாத."

திட்டும்போது முப்பது பேர் கேட்கத் திட்டினார். உன் மேல் தப்பில்லை என்று சொல்ல மட்டும் காட்டுக்குள் தனியாகப் போய் நின்று போன் செய்கிறார். பெரிய வீரர்கள்தான் எல்லோரும். சொல்ல மாட்டேன் என்றேன். இருந்தாலும் அந்தப் போனை நான் உடனே வைத்துவிடவில்லை.